கேமரா இருக்கிறது, முகம் தெரியவில்லை: வெயிலுக்கும் இருட்டுக்கும் சிசிடிவியைப் பழக்குவது

எங்கள் வீடு கிழக்குப் பார்த்த வீடு. தாம்பரத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்னத் தெரு. வாசலில் போர்டிகோ, அதிலிருந்து பதினைந்து அடி தள்ளி இரும்பு கேட், கேட் கம்பியில் பால் பாக்கெட்டுக்காக ஒரு துணிப்பை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பையிலிருந்து பால் காணாமல் போக ஆரம்பித்தது. தினமும் இல்லை, வாரத்தில் ஒன்றிரண்டு நாள். "அதான் கேமரா இருக்கே, பாருடா" என்றார் அம்மா. பார்த்தேன். காலை ஆறே முக்கால். கேட்டுக்கு அந்தப் பக்கம் வெயில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. அதன் நடுவே கரிக்கட்டையால் வரைந்தது போல ஒரு உருவம் வருகிறது, பைக்குள் கை விடுகிறது, போகிறது. புடவை கட்டியிருப்பது வரை தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு.

அந்தக் கறுப்பை வைத்துக்கொண்டு நாங்கள் ஒருவரைச் சந்தேகப்பட்டோம். வீட்டு வேலைக்கு வருபவர். அதே உயரம், ஏறக்குறைய அதே நேரம். வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. அது அவருக்குப் புரியாமலா இருந்திருக்கும்? மிச்சக் கதையை அப்புறம் சொல்கிறேன்.

கேமரா மாட்டிய டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். "சார், இது ரெண்டு மெகாபிக்சல். அஞ்சு போட்டுட்டா பளிச்சுனு தெரியும்" என்றார். கேமரா வைத்திருக்கும் பலரும் கேட்டிருக்கக்கூடிய பதில்தான். மெகாபிக்சல் என்பது படத்தை எத்தனை கட்டங்களாகப் பிரிக்கிறோம் என்ற கணக்கு, அவ்வளவுதான். கறுப்பாகிப்போன முகத்தை இருபது லட்சம் கட்டத்தில் காட்டினாலும் கறுப்பு, ஐம்பது லட்சம் கட்டத்தில் காட்டினாலும் கறுப்பு. எங்கள் வீட்டில் கோளாறு வெளிச்சத்தில் இருந்தது. அதைச் சரிசெய்யக் கடைசியில் செலவானது கொஞ்சம் ஒயரும், ஒரு பல்பும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும்.

கண் பார்ப்பதும் கேமரா பார்ப்பதும்

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் அளப்பார்கள். நம் ஊர் உச்சி வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். அதே நேரத்தில் போர்டிகோ நிழலில் ஆயிரம் சொச்சம் இருக்கும். ஹாலுக்குள் 100, 200. இரவில் தெருவிளக்கின் கீழே 10 லக்ஸ் இருந்தால் நல்ல தெரு. பௌர்ணமி நிலவு கால் லக்ஸ் தந்தால் அதிகம். இத்தனை வித்தியாசத்தையும் நம் கண் சலிக்காமல் சமாளித்துவிடுகிறது. வெயிலில் நிற்பவரைப் பார்த்துவிட்டு நிழலில் நிற்பவரைத் திரும்பிப் பார்த்தால், கண் அதற்குள் தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கும். போதாததற்கு மூளையும் சேர்ந்து இட்டு நிரப்புகிறது. அதனால்தான் வாசலில் நின்று பார்க்கும்போது நமக்கு எல்லாம் தெரிகிறது, கேமரா மட்டும் ஏன் இப்படி என்று கோபம் வருகிறது.

கேமராவுக்கு அந்தச் சலுகை இல்லை. பழைய ஓட்டு வீட்டு முற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்கிறது. வரிசையாகக் குடங்கள் வைத்திருக்கிறோம். சில குடங்கள் தாழ்வாரத்து ஓரத்துக்கு நேர் கீழே, அங்கே கொட்டுகிறது. சில குடங்கள் உள்ளே தள்ளி. சாரல் மட்டும்தான் விழுகிறது. இப்போது ஒரு விதி: எல்லாக் குடத்தின் மூடியையும் ஒரே சமயத்தில் திறந்து ஒரே சமயத்தில் மூட வேண்டும். கொஞ்ச நேரம் திறந்தால் சாரல் குடத்தில் அடி கூட நனையாது. நிறைய நேரம் திறந்தால் ஓரத்துக் குடம் வழிந்துவிடும். வழிந்த பிறகு அதில் எவ்வளவு விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கேமராவின் சென்சாரில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் இப்படி ஒரு குடம். வழிந்தால் வெள்ளை, நனையாவிட்டால் கறுப்பு. மூடி திறந்திருக்கும் நேரத்துக்குப் பெயர் ஷட்டர்.

எவ்வளவு நேரம் திறப்பது என்று கேமரா எப்படி முடிவு செய்கிறது? பெரும்பாலும் படம் முழுவதையும் பார்த்து ஒரு சராசரி எடுக்கிறது. எங்கள் வீட்டுப் படத்தில் பாதி வானமும் வெயில் ரோடும். சராசரி ஏறிவிடுகிறது. "அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்" என்று கேமரா மூடியைச் சட்டென்று மூடிவிடுகிறது. கேட்டில் நிற்பவரின் முகத்தில் வெயில் இல்லை, வெயில் அவர் முதுகில். முகம் சாரல் குடம். அதுதான் கறுப்பு.

முதலில் ஏணி, அப்புறம் மெனு

இது தெரிந்ததும் எல்லோரும் போய் செட்டிங்ஸைத் திறப்பார்கள். நானும் திறந்தேன். பிரைட்னஸைக் கூட்டினேன். கறுப்பு முகம் சாம்பல் முகமானது, அவ்வளவுதான். நனையாத குடத்தை எவ்வளவு குலுக்கினாலும் தண்ணீர் வராது. என் அனுபவத்தில் முக்கால்வாசிக் கோளாறு ஏணி ஏறினால் தீரும், மெனுவால் தீருவது கால்வாசிதான்.

கேமரா எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதுதான் முதல் கேள்வி. கிழக்கைப் பார்த்தால் காலையில் அடி, மேற்கைப் பார்த்தால் மாலையில் அடி. இதில் நம் ஊருக்கென்று ஒரு விஷயம் உண்டு. சூரியன் வருஷம் முழுக்கச் சரியாகக் கிழக்கில் உதிப்பதில்லை. சென்னையில் ஜூன் மாதக் கடைசியில் நேர்க்கிழக்கிலிருந்து வடக்கே சுமார் 24 டிகிரி தள்ளி உதிக்கும். டிசம்பர் கடைசியில் தெற்கே அதே 24 டிகிரி. ஆக, உதிக்கும் இடம் மொத்தம் 48 டிகிரி நகர்கிறது. வீட்டுக் கேமராக்களில் அதிகம் வரும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறக்குறைய 100 டிகிரி அகலத்துக்குப் பார்க்கும் என்பதால், நேர்க்கிழக்கைப் பார்க்கும் கேமரா வருஷம் பூரா தப்பிக்க முடியாது. கொஞ்சம் கோணலாகப் பார்க்கும் கேமரா சில மாதம் நன்றாக இருந்துவிட்டு, சில மாதம் கெட்டுப்போகும். "ஏப்ரல்ல மாட்டும்போது நல்லாத்தான் இருந்துச்சு, டிசம்பர்ல ரிப்பேர் ஆயிடுச்சு" என்பவர்களின் கேமராவில் பல நேரம் ரிப்பேர் எதுவும் இருக்காது. சூரியன் இடம் மாறியிருக்கும்.

எங்கள் வீட்டில் போர்டிகோவில் பதினோரு அடி உயரத்தில், நேர்க்கிழக்கைப் பார்த்து மாட்டியிருந்தார்கள். அதைக் கழற்றி, தெற்குப் பக்கக் காம்பவுண்டு சுவரில் ஒரு கம்பம் நட்டு, சுமார் எட்டரை அடி உயரத்தில், கேட்டைப் பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி வடக்கு நோக்கித் திருப்பினேன். இப்போது காலை வெயில் படத்துக்குப் பக்கத்திலிருந்து வருகிறது. கேட்டில் நிற்பவர் முகத்தின் ஒரு பாதியில் வெயில், மறு பாதியில் நிழல், இரண்டும் தெரிகிறது. தமிழ்நாட்டில் வடக்கு பார்க்கும் கேமராவுக்கு வெயில் தொந்தரவு குறைவு. வசதிப்பட்டால் அந்தத் திசையை விடாதீர்கள்.

எல்லோராலும் இடம் மாற்ற முடியாது. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்கவே விடமாட்டார்கள். அப்போது கேமராவின் மூக்கைக் கீழே இறக்குங்கள். படத்தில் வானமே வரக்கூடாது என்பதுதான் கணக்கு. வானம் போனால் சராசரி இறங்கும், சராசரி இறங்கினால் முகம் வெளுக்கும். நம்மில் பலருக்குத் தெரு முழுக்கத் தெரிய வேண்டும் என்று ஆசை. தெருக்கோடியில் போகும் ஆட்டோவைப் பார்த்து என்ன செய்யப்போகிறோம்? கேட்டில் நிற்பவர் முகம் போதும். லென்ஸுக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு மூடாக்கு இருக்கும். குழாய் மாதிரி நீண்டிருக்கும் புல்லட் வகைக் கேமராவில் அதை முன்னால் இழுத்துவிடலாம். உயரமான வெயிலை அது தடுக்கும். காலையில் தாழ்வாக வரும் வெயிலை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

மூன்று எழுத்துப் பெயர்கள்

இடத்தைச் சரிசெய்த பிறகும் வித்தியாசம் மிச்சமிருந்தால் மெனுவுக்கு வரலாம். அங்கே மூன்று எழுத்தில் சில பெயர்கள் இருக்கும். பயமுறுத்துகிற மாதிரி இருந்தாலும் விஷயம் சின்னது.

டபிள்யூடிஆர் என்பது குடங்களை இரண்டு தடவை திறக்கும் தந்திரம். முதல் தடவை சட்டென்று திறந்து மூடி, கொட்டுகிற குடங்களை மட்டும் அளந்துகொள்கிறது. உடனே இன்னொரு தடவை அதிக நேரம் திறந்து, சாரல் குடங்களை அளந்துகொள்கிறது. இரண்டு அளவையும் ஒட்டி ஒரே படமாக்குகிறது. பெட்டியின் மேல் 120 டெசிபெல் என்று போட்டிருந்தால் இந்த வகை. அந்த எண்ணுக்கு அர்த்தம், படத்தின் மிகப் பிரகாசமான இடத்துக்கும் மிக இருண்ட இடத்துக்கும் பத்து லட்சம் மடங்கு வித்தியாசம் இருந்தாலும் தாங்கும் என்பது. 60 டெசிபெல் என்றால் ஆயிரம் மடங்கு. டி-டபிள்யூடிஆர் அல்லது டிஜிட்டல் டபிள்யூடிஆர் என்று போட்டிருந்தால் அது வேறு: ஒரே தடவை திறந்து எடுத்த படத்தில் நிழலை மட்டும் கணக்குப் போட்டு வெளுப்பாக்குவது. குடத்தைக் குலுக்குகிற வேலை. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், கடையில் அதைப் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள்.

டபிள்யூடிஆர் அளவை 0 முதல் 100 வரை வைக்க இடம் இருந்தால், 100-க்குப் போகாதீர்கள். எல்லாம் ஒரே சாம்பலாகி, பழைய துணி மாதிரி நிறம் வெளிறும். 40, 50-இல் தொடங்கிப் பாருங்கள். இரண்டு தடவைக்கு நடுவில் ஆள் நகர்ந்துவிட்டால் விளிம்பில் ஒரு நிழல் ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. இரவில் வெளிச்சமே குறைவு. அப்போது இந்தத் தந்திரம் புள்ளி புள்ளியாக இரைச்சலைத்தான் கூட்டும். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைக்கக் கேமரா இடம் கொடுத்தால், இரவில் அணைத்துவிடுங்கள்.

பிஎல்சி கொஞ்சம் முரட்டு வைத்தியம். "பின்னால் இருப்பது வெளுத்துப் போனால் போகட்டும், நான் காட்டுகிற இடம் தெரியட்டும்" என்பது அதன் கொள்கை. வாசல் கதவுக்கு எதிரே, வீட்டுக்குள்ளிருந்து வெளியே பார்க்கும் கேமராவுக்கு இது பொருந்தும்: வெளித் தெரு வெள்ளையாகிவிடும், நிலைப்படியில் நிற்பவர் தெரிவார். நல்ல டபிள்யூடிஆர் இருந்தால் இது தேவையில்லை. எச்எல்சி இதற்கு நேர் எதிர். கண்ணைக் கூசும் இடத்தை அமுக்குவது. சந்தில் திரும்பும் காரின் ஹெட்லைட் நேராக லென்ஸில் அடிக்கும் வீடுகளுக்கு இரவில் இதைப் போட்டுப் பார்க்கலாம். பகலில் வேண்டாம்.

சரி, பால் கதை. கேமராவை இடம் மாற்றிய நாலாம் நாள் பால் போனது. படத்தை ஓட்டினோம். முகம் தெளிவாகத் தெரிந்தது: எதிர்வீட்டுப் பாட்டி. காக்கா பாக்கெட்டைக் கொத்திக் கிழித்துவிடுகிறது என்று எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறார், அப்புறம் எங்களிடம் சொல்ல மறந்திருக்கிறார். வயது எண்பத்திரண்டு. அந்த வீட்டில் யாரும் பாக்கெட்டை எண்ணிப் பார்த்ததில்லை. அன்று அம்மா வேலைக்கு வந்தவருக்குக் காபி கொடுத்தார். டம்ளர் தளும்பத் தளும்ப இருந்தது. யாரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

இருட்டு வேறு மாதிரிப் படுத்தும்

பகலில் வெளிச்சம் அதிகம் என்பது தொல்லை. இரவில் எங்கிருந்து வருகிறது என்பது தொல்லை.

சாயங்காலம் இருட்டத் தொடங்கும்போது கேமராவுக்குப் பக்கத்தில் நின்றால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். லென்ஸுக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடித் தகடு இருக்கிறது. பகலில் அது அகச்சிவப்பு ஒளியைத் தடுத்து நிறங்களைச் சரியாக வைத்திருக்கும். இருட்டியதும் அது விலகுகிறது, கேமராவைச் சுற்றியுள்ள ஐஆர், அதாவது அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன, படம் கறுப்பு வெள்ளையாகிறது. பகலில் இலைதழையும் கறுப்புத் துணியும் ரோஸ் கலரில் தெரிந்தால் அந்தத் தகடு சிக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சில சமயம் கேமராவை அணைத்துப் போட்டால், அல்லது மெனுவில் பகல், இரவு என்று நாலைந்து தடவை மாற்றினால் விடுபடும்.

ஐஆர் வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலான வீட்டுக் கேமராக்களில் அது 850 நானோமீட்டர் அலைநீள வகை. இருட்டில் உற்றுப் பார்த்தால் விளக்கு மங்கலான சிவப்பாகத் தெரியும். 940 நானோமீட்டர் வகை கொஞ்சம் கூடத் தெரியாது, ஆனால் அவ்வளவு தூரம் போகாது. எரிகிறதா என்று சந்தேகம் வந்தால் போனின் செல்ஃபி கேமரா வழியாகப் பாருங்கள். பல போன்களில் அது வெளிர் ஊதாவாகத் தெரியும்.

தெரியாத வெளிச்சம் என்பதால், அது எதில் பட்டுத் திரும்புகிறது என்பதும் நமக்குத் தெரிவதில்லை. அங்கேதான் இரவுப் படங்கள் பாதி கெடுகின்றன. கேமராவுக்கு அரையடி பக்கத்தில் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், மேலே சன்ஷேடு, ஓரத்தில் ஒரு மழைத்தண்ணிக் குழாய். ஐஆர் முதலில் இவற்றில்தான் விழுகிறது. வெளிச்சத்துக்கு ஒரு குணம்: தூரம் இரண்டு மடங்கானால் அது கால் பங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. அரையடியில் உள்ள சுவருக்கும் பதினைந்து அடியில் உள்ள முகத்துக்கும் முப்பது மடங்கு தூரம் என்றால், வெளிச்சத்தில் தொள்ளாயிரம் மடங்கு வித்தியாசம். சுவர் பளீரென்று வெளுக்கிறது, கேமரா சராசரி எடுக்கிறது, மூடியை மூடுகிறது, கேட்டில் நிற்பவர் இருட்டில் கரைகிறார். பகலில் வெயில் செய்ததை இரவில் நம் வீட்டுச் சுவரே செய்கிறது. கேமராவை ஓர் அங்குலம் திருப்பினாலே போதும். படத்தின் ஓரத்தில் சுவரோ சன்ஷேடோ எட்டிப் பார்க்கக்கூடாது.

அப்புறம் சிலந்தி. ஐஆர் விளக்கின் இளஞ்சூட்டுக்கும் அதைத் தேடி வரும் பூச்சிக்கும் ஆசைப்பட்டு, லென்ஸுக்கு முன்னாலேயே வலை பின்னுகிறது. பகலில் கண்ணுக்கே தெரியாத ஒற்றை இழை, இரவில் படத்தின் குறுக்கே வெள்ளைக் கயிறு மாதிரி தொங்கும். காற்றில் ஆடும்போதெல்லாம் போனுக்கு "ஆள் நடமாட்டம்" என்று எச்சரிக்கை வரும். ஐப்பசி மழையில் ஈசல் கிளம்பும் நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒட்டடைக்கோல் நுனியில் மெல்லிய துணியைச் சுற்றி, வாரம் ஒரு தடவை லென்ஸைச் சுற்றி ஒரு சுழற்று. என்னைக் கேட்டால் இரவுப் படத்துக்கு இதைவிடப் பெரிய செட்டிங் கிடையாது. முடிந்தவர்கள் ஐஆர் விளக்கைத் தனியாக வாங்கி, கேமராவிலிருந்து நாலைந்து அடி தள்ளி மாட்டிவிட்டு, கேமராவின் சொந்த விளக்கை அணைத்துவிடலாம். பூச்சிகள் அங்கே போய்விடும். பூச்சியில், மழைத்துளியில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் லென்ஸுக்கு நேராக வராது.

கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும் டோம் கேமராவின் கண்ணாடி மூடியில் விரல் ரேகை, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் இதே கதைதான்: படம் முழுக்கப் பனி மூட்டம். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்த கேமராவும் அப்படியே. பகலில் அருமையாக இருக்கும். இரவில் ஐஆர் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, கேமரா தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே ஐஆரை அணைத்து, அறை விளக்கையும் அணைத்து, வெளியே ஒரு விளக்குப் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஐஆர் படத்தில் நிறத்தை நம்பாதீர்கள். கறுப்புச் சட்டை துணியைப் பொறுத்து வெள்ளையாகத் தெரியலாம், மாமரத்து இலை பனி பெய்த மாதிரி வெளுத்திருக்கும். "வெள்ளைச் சட்டை போட்டவன்" என்று யாரையாவது தேடிப் போவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி நம்பர் பிளேட்டும் அப்படித்தான். 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு வரும் உயர் பாதுகாப்பு பிளேட் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் வகை. ஐஆர் அதில் பட்டால் எழுத்தே இல்லாத வெள்ளைச் செவ்வகம்தான் மிஞ்சும். நம்பர் வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு கேமரா, மூடியைச் சட்டென்று மூடுகிற வேகமான ஷட்டரோடு தனியாக வேண்டும். முகமும் நம்பரும் ஒரே கேமராவில் இரவில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், ராத்திரி எட்டு மணிக்கு வந்து காட்டச் சொல்லுங்கள்.

நின்றால் தெரிகிறார், நடந்தால் கலங்குகிறார்

இரவில் நேரலையைத் திறந்து பார்த்தால் எல்லாம் அழகாக இருக்கும்: கேட், பைக், துளசி மாடம். ஆள் நடந்து வந்ததும் முகம் மட்டும் தண்ணீரில் கரைந்த மாதிரி இழுபடும். காரணம், வெளிச்சம் போதாமல் கேமரா குடத்தின் மூடியை அதிக நேரம் திறந்து வைத்திருக்கிறது. சாதாரணமாக நடப்பவர் நொடிக்கு 1.4 மீட்டர் போவார். மூடி ஆறில் ஒரு பங்கு நொடி திறந்திருந்தால் அதற்குள் அவர் 23 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். அது ஒரு முகத்தின் அகலத்தைவிட அதிகம். இருபத்தைந்தில் ஒரு பங்கு என்றால் ஐந்தரை சென்டிமீட்டர். ஐம்பதில் ஒரு பங்கு என்றால் மூன்றுக்கும் குறைவு. ஷட்டரை நாமே குறிக்கும் வசதி இருந்தால், இரவில் 1/25-க்கு மேல் மெதுவாகப் போகாதபடி வரம்பு வையுங்கள். 1/50 தாங்கினால் இன்னும் நல்லது. படம் கொஞ்சம் இருட்டாகும். இருட்டான முகத்தை ஓரளவு அடையாளம் காணலாம், இழுபட்ட முகத்தை முடியாது. பெட்டியில் போட்டிருக்கும் "0.01 லக்ஸில் கலர்" என்பதெல்லாம் பெரும்பாலும் இந்த மூடியை நிறைய நேரம் திறந்து வைத்து வாங்கிய மதிப்பெண்.

ஏன் 25, 50 என்ற எண்கள்? நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 தடவை துடிக்கின்றன, கண்ணுக்குத் தெரிவதில்லை. ஷட்டர் இதோடு ஒத்துப் போகாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் மேலும் கீழும் ஊர்ந்துகொண்டே இருக்கும். கேமரா 60 ஹெர்ட்ஸில் வைக்கப்பட்டு வந்திருந்தால் இது நடக்கும். ஆன்டி ஃபிளிக்கர் என்ற இடத்தில் 50-ஐத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. பத்து நொடி வேலை, இதற்காகக் கேமராவை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

கெயின் என்று ஒன்று இருக்கும். அது கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தை ஊதிப் பெரிதாக்குவது; ஊதும்போது புள்ளி புள்ளியாக இரைச்சலும் சேர்ந்து ஊதும். அந்தப் புள்ளிகள் ஒவ்வொரு கணமும் மாறுவதால் ஹார்ட் டிஸ்கும் சீக்கிரம் நிரம்பும். அதைத் துடைக்க டிஎன்ஆர் என்று ஒன்று. அளவுக்கு மேல் துடைத்தால் நடப்பவருக்குப் பின்னால் பேய் மாதிரி ஒரு வால் வரும். இரண்டையும் நடுவில் வைத்துவிட்டு விட்டுவிடுங்கள்.

ஒரு பல்பு

மேலே சொன்ன இரவுத் தொல்லைகளில் பாதி, ஒரு 9 வாட் எல்இடி பல்பில் அடங்கும். வெளிச்சம் இருந்தால் ஷட்டர் வேகமாகும், கெயின் இறங்கும், கலர் வரும். எங்கே மாட்டுவது என்பதில்தான் சூட்சுமம். பல்பு படத்துக்குள் வரக்கூடாது. வந்தால் அதுவே குட்டிச் சூரியன். கேமராவின் முதுகுப் பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ, ஆள் வந்து நிற்கும் இடத்தின் மேல் விழ வேண்டும். நேர் உச்சியில் மாட்டினால் நெற்றியும் மூக்கும் வெளுத்து, கண்கள் இரண்டும் குழியாகிவிடும். கதகளி வேஷம் போட்ட மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் கேட் தூணில் ஏழடி உயரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில், பால் கண்ணாடிக் கூடுக்குள் வைத்தோம். எதிர்வீட்டுப் படுக்கையறை ஜன்னலில் அடிக்காதபடி ஒரு தகரமும் வளைத்துக் கொடுத்தார் எலக்ட்ரீஷியன்.

இன்வெர்ட்டர் லைனில் கேமராவை மட்டும் இணைத்துவிட்டுப் பல்பை மறந்துவிடுகிறோம். கரண்ட் போன ராத்திரிதான் கேமரா தேவைப்படும் ராத்திரி. இரண்டையும் அதே லைனில் கொடுங்கள். ஆள் வந்தால் எரியும் சென்சார் விளக்கு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம்: விளக்கு எரிந்ததும் கேமரா விடிந்துவிட்டது என்று நினைத்துக் கலருக்கு மாறும், அணைந்ததும் கறுப்பு வெள்ளைக்குப் போகும், 'டிக் டிக்' என்று அல்லாடும். மாறுகிற அந்த ஓரிரு நொடியில்தான் ஆள் கேட்டைத் தாண்டுவார். பகல்-இரவு மாற்றத்துக்குத் தாமதம் வைக்கும் இடம் மெனுவில் இருந்தால் அதை முப்பது நொடிக்கு மேல் வைக்கலாம். இல்லையென்றால் விளக்கை இரவு முழுக்க எரியவிடுவது மேல். இருட்டத் தொடங்கும் சாயங்கால நேரத்திலும் சில கேமரா இப்படி ஊசலாடும். அதற்கும் இதே மருந்துதான்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மெகாபிக்சலுக்குப் பக்கத்தில் எஃப் என்று ஓர் எண் இருக்கும். எஃப் 2.0 லென்ஸைவிட எஃப் 1.0 லென்ஸ் நாலு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். இரவிலும் கலர் காட்டும் வகைகள் பெரும்பாலும் இந்த அகன்ற லென்ஸையும் ஒரு வெள்ளை விளக்கையும்தான் நம்பியிருக்கின்றன. எண் சிறிதானால் குடத்தின் வாய் பெரிது என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடித்த பிறகு நேரலையில் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். ஒருவரைக் கேட்டிலிருந்து வாசல் வரை நடக்கச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கு, உச்சிப் பொழுதில், விளக்கு வைக்கும் நேரத்தில், இரவு பதினொன்றுக்கு, ஆக நாலு தடவை. கையில் செய்தித்தாளைப் பிரித்துப் பிடித்துக்கொள்ளட்டும். அப்புறம் பதிவை ஓட்டி, கேட்டருகே நிறுத்திப் பாருங்கள். முகமும் கொட்டை எழுத்துத் தலைப்பும் தெரிந்தால் போதும். ஆறு மாதம் கழித்து, சூரியன் இடம் மாறிய பிறகு, காலைச் சோதனையை மட்டும் இன்னொரு தடவை.

எங்கள் வீட்டில் அந்தச் சோதனைக்கு நடந்தவர் அம்மாதான். மார்கழி, விடியற்காலை ஐந்தரை, இன்னும் இருட்டு. வாசல் தெளித்து, கோலம் போட்டு முடித்து, மாவு டப்பாவோடு நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். உள்ளே வந்ததும் படத்தை நிறுத்திக் காட்டினேன். முகம், நெற்றிப் பொட்டு, கழுத்தில் சுற்றிய மஃப்ளரின் கட்டம் வரை தெரிந்தது. காலடியில் கோலம் மட்டும், ஈரத் தரையில் பச்சரிசி மாவு, வெளிச்சத்தில் வழிந்து ஒரே வெள்ளைத் திட்டு. புள்ளியும் இல்லை, இழையும் இல்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என் மூஞ்சிய யாருடா பாக்கப்போறா? கோலம் தெரியலையே."